பினாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையம்: மூன்று ஆண்டுகள் உடனிருந்து பார்த்தவை

என் கணவருக்கு வயது 53. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறார். 17 ஆண்டுகளாக உடம்பில் இருந்த நீரிழிவு, 2021ஆம் ஆண்டின் கடைசியில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் இனித் தேறாது என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவுதான் மூல காரணம் என்பதால், எங்கள் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று அவருடைய இரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்துவருகிறது. முதல் எட்டு மாதங்கள் ஒரு நிலையத்துக்குப் போனோம். பிறகு மாறி, கடந்த மூன்று ஆண்டுகளாக ஜார்ஜ்டவுன் பக்கத்தில் கடைவீட்டு வரிசையில் இயங்கும் இன்னொரு நிலையத்துக்குப் போய்வருகிறோம். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது நிலையத்தைப் பற்றியது. இரண்டின் பெயரையும் நான் எழுதவில்லை. முதலாவதைப் பற்றிக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவதன் பெயரைச் சொன்னால் முதலாவது எது என்பதை எங்களை அறிந்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் தெரியாவிட்டாலும், எதையெதைப் பார்த்து ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது இதைப் படிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதன்முறை தேர்ந்தெடுத்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடலாம், குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறது, ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித் தொலைக்காட்சி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தோம். சுவரில் சுகாதார அமைச்சின் உரிமம் மாட்டப்பட்டிருந்தது. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி எல்லாத் தனியார் நிலையங்களுக்கும் அந்த உரிமம் இருந்தே ஆக வேண்டும். ஆகவே அது இருப்பதை வைத்து ஒரு நிலையம் மற்றொன்றைவிட மேலானது என்று சொல்லிவிட முடியாது. அந்த அறிவு எங்களுக்கு வந்தபோது அவருடைய இடது கை பாழாகியிருந்தது.

கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸ் செய்கிறவருக்கு உயிர் இருப்பது கையில்தான். இயந்திரம் ஒரு நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லிலிட்டர் வரை இரத்தத்தை வெளியே எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சாதாரணமாக ஊசி போடும் சிரையில் அவ்வளவு ஓட்டம் கிடையாது. அதனால் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவைசிகிச்சை மூலம் இணைத்து, தமனியின் வேகத்தில் சிரையில் இரத்தம் பாயும்படி செய்கிறார்கள். 1966இல் நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ ஆகியோரின் குழு வெளியிட்ட இந்த முறைக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அதைவிட நல்ல வழி வரவில்லை. இணைத்த சிரை தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு முதிர ஒன்றரை மாதமாவது ஆகும். சிலருக்கு இன்னும் நீளும். முதிர்ந்தபின் அதன்மேல் விரலை வைத்தால் கரண்டு ஓடுவது போல் ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கும்வரை ஃபிஸ்டுலா உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக் கூடாது, கடிகாரம் இறுகக் கட்டக் கூடாது, அதன்மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது. இவையெல்லாம் எங்களுக்குப் பொது மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் நிலையத்தில், ஆறாவது மாதம் தொடங்கியபோது, இரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்தின் அழுத்தம் அதிகம் என்று இயந்திரம் அடிக்கடி அலறத் தொடங்கியது. ஊசியை எடுத்த பிறகு பத்து நிமிடத்தில் நின்றுகொண்டிருந்த இரத்தம் அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. அதிர்வு குறைந்திருப்பதாக என் கணவரே இரண்டு முறை சொன்னார். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சிரை எங்கோ குறுகுகிறது என்று அர்த்தம் என்பதையும், உடனே ஸ்கேன் எடுத்துக் குறுகிய இடத்தை பலூன் வைத்து விரித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்பதையும் நாங்கள் பின்னர்தான் தெரிந்துகொண்டோம். அங்கே செய்தது, அலறல் நிற்கும்படி பம்பின் வேகத்தைக் குறைத்தது மட்டுமே. வேகம் குறைந்தால் சுத்தமாகும் இரத்தமும் குறையும். அதையும் யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் அவர் என்னை எழுப்பி, கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். கை சும்மா இருந்தது.

இரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டதால், கழுத்தின் பெரிய சிரையில் கதீட்டர் குழாய் வைத்தார்கள். குழாய் என்பது வெளியுலகத்திலிருந்து இதயத்தின் வாசல் வரை திறந்து வைத்த பாதை. கிருமிக்கும் அதுவே பாதை. ஆறாவது வாரம், இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அவருக்குக் குளிர் நடுக்கம் வந்தது. நாற்காலியே ஆடும் அளவுக்கு நடுங்கினார். இரத்தத்தில் தொற்று என்று மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு மேல் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கதீட்டர் உள்ளவருக்குக் குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு அடுத்த டயாலிசிஸ் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தொற்று இதய வால்வுகளிலோ முதுகெலும்பிலோ போய்த் தங்கிவிடும் ஆபத்து உண்டு. மேற்கையில் புது ஃபிஸ்டுலா வைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் நிலையத்தை மாற்றினோம்.

இப்போதைய நிலையத்தில் முதல் நாள் நான் பார்த்தது இது. என் கணவர் நாற்காலியில் உட்காரப்போனார். மூத்த மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) அவரை நிறுத்தி, "அண்ணே, முதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்றார். தொட்டிக்கு அருகே நின்று முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். பிறகு உட்கார வைத்து, கையை விளக்குக்குக் கீழே நீட்டச் சொல்லி, தோலின் நிறத்தைப் பார்த்தார். சிவப்போ வீக்கமோ இருக்கிறதா என்று பார்த்தார். மூன்று விரல்களை வைத்து மேலிருந்து கீழாக அதிர்வைத் தடவிப் பார்த்து, அதன்பின் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். கையை உயரத் தூக்கச் சொல்லி, புடைத்திருந்த சிரை தளர்கிறதா என்றும் கவனித்தார். தளராமல் விறைத்தே நின்றால் மேலே அடைப்பு இருக்கலாம் என்று விளக்கினார். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. ஊசி குத்தும் இடத்தை முந்தைய முறை குத்திய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஏணிப்படி போல் மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் சிரையின் சுவர் பலவீனமாகிப் பலூன் போல் உப்பிவிடும். ஒரு காகிதத்தில் கையின் படம் வரைந்து, எந்த நாள் எங்கே குத்தியது என்று குறித்துவைக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு முறை திரும்பும் பக்கத்து அழுத்தம் தொடர்ந்து ஏறியபோது, மூன்றாவது முறையே கடிதம் எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பலூன் வைத்து விரித்ததோடு சரியாகிவிட்டது. அதே ஃபிஸ்டுலாதான் இன்றும் ஓடுகிறது.

அடுத்து எடை. சிறுநீர் அநேகமாக நின்றுவிட்ட ஒருவர் குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் உடம்பில் ஒரு கிலோவாக ஏறுகிறது. தேங்கிய நீர் எல்லாம் போன பின் உடம்புக்கு இருக்கும் எடைக்கு உலர் எடை என்று பெயர். என் கணவருக்கு அது இப்போது 60 கிலோ. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் 13 மில்லிலிட்டருக்கு மேல் நீரை இழுக்காமல் இருப்பது நல்லது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. கணக்குப் போட்டால் அவருக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் எடுக்கலாம். அதற்கு மேல் அவசரமாக இழுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும், கண் இருட்டும், கெண்டைக்கால் கல் போல் இறுகிப் பிடித்துக்கொள்ளும்; இதயத்துக்குப் போகும் இரத்தம் ஒவ்வொரு முறையும் குறைந்து, மாதக் கணக்கில் இதயத் தசை சேதமாகும். ஒரு தீபாவளிக்கு மறுநாள் அவர் 4.6 கிலோ கூடிப் போய் நின்றார். பழைய இடமாக இருந்தால் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து, மயங்கிய நிலையில் அனுப்பியிருப்பார்கள். அப்படி அங்கே இருமுறை நடந்திருக்கிறது. இங்கே மிஸ்ஸி டாக்டருக்கு அழைத்துக் கேட்டு, நேரத்தை ஐந்து மணியாக நீட்டி, 3.8 லிட்டர் மட்டும் எடுத்து, மீதியை அடுத்த முறைக்கு விட்டார். திட்டவில்லை. முறுக்கும் மிக்சரும் எவ்வளவு சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டார். தாகத்தைக் கிளப்புவது உப்புதான் என்பதால், தண்ணீரைக் குறைக்கச் சொல்வதற்கு முன் உப்பைக் குறைக்கச் சொல்வதே சரி என்று எனக்கு அன்று புரிந்தது.

உலர் எடை ஒரு முறை போட்டு வைத்துவிட்டு மறந்துவிடும் எண் இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் என் கணவர் சரியாகச் சாப்பிடாமல் சதை வற்றிப்போயிருந்தார். ஆனால் தராசு பழைய எடையையே காட்டியது. சதை போன இடத்தில் நீர் நிரம்பியிருந்தது. மிஸ்ஸி அவருடைய முன்கால் எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பி, "அக்கா, ராத்திரி அண்ணன் எத்தனை தலகாணி வச்சுப் படுக்கிறாரு?" என்று கேட்டார். மூன்று என்றேன். முதுமை, அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நுரையீரலில் தேங்கிய நீர். அன்றைக்கே டாக்டரிடம் பேசி உலர் எடையை அரை கிலோ அரை கிலோவாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மூன்று வாரத்தில் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை நிறுத்த முடிந்தது. ஒரு தலையணையில் படுக்கிறார். விலை உயர்ந்த இயந்திரம் எல்லா நிலையத்திலும் இருக்கிறது. தலையணையைக் கேட்கும் ஆள் எல்லா நிலையத்திலும் இருப்பதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. வடிகட்டிக்குள் இரத்தம் ஒரு பக்கமும் சுத்திகரிப்புத் திரவம் மறுபக்கமும் ஓடுகின்றன. திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் என்றால் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், வாரத்துக்கு 360 லிட்டர். நாம் ஒரு வாரத்தில் குடிப்பது பதினான்கு பதினைந்து லிட்டர். அதையும் குடலும் கல்லீரலும் சலித்துத்தான் இரத்தத்துக்கு அனுப்புகின்றன. இவருக்கோ இரத்தத்துக்கும் அந்த நீருக்கும் இடையே இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் நமக்கு நன்மை. டயாலிசிஸ் நீரில் அது தங்கிவிட்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அந்தக் காலத்தில் நீரில் இருந்த அலுமினியம் மூளையில் சேர்ந்து நோயாளிகளுக்குப் பேச்சும் நினைவும் போன வரலாறு உண்டு. இங்கே சேர்வதற்கு முன்பே எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போய் நீர் அறையைக் காட்டினார்கள். மணல் வடிகட்டி, கடினத்தன்மை நீக்கும் தொட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கரித் தொட்டிகள், கடைசியில் நீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளிச் சுத்தம் செய்யும் எதிர்ச்சவ்வூடுபரவல் (RO) இயந்திரம் என்று வரிசையாக இருந்தன. நாளின் முதல் பிரிவு (ஷிஃப்ட்) தொடங்குவதற்கு முன் தினமும் குளோரின் சோதித்து எழுதும் நோட்டு ஆணியில் தொங்கியது. நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை, கையெழுத்தும் ஒரே மையில் மொத்தமாகப் போட்டதாக இல்லை. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் பணிக்காகப் பினாங்கின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் தடைப்பட்டபோது, இரண்டு வாரத்துக்கு முன்பே மாற்று ஏற்பாட்டைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். கூடுதல் தொட்டிகளை நிரப்பி வைத்திருந்தார்கள். ஒரு சிகிச்சைகூடத் தவறவில்லை.

விடுமுறைகளைக் கையாளும் விதமும் மெச்சத்தக்கது. வாரத்தில் எப்படியும் ஒரு முறை இரண்டு நாள் இடைவெளி விழுகிறது. அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் பொட்டாசியமும் நீரும் உச்சத்தில் இருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் திடீர் மரணம் அதிகமாக நேர்வதும் அப்போதுதான். சீனப் புத்தாண்டு விடுமுறை குறுக்கே வந்து அந்த இடைவெளி மூன்று நாளானால் ஆபத்து இன்னும் கூடும். அதற்காக இந்த நிலையத்தில் முன்வரும் ஞாயிற்றுக்கிழமை திறந்து, எல்லோருடைய நாளையும் ஒன்றொன்று முன்னே தள்ளி வைக்கிறார்கள்.

பொட்டாசியத்தைப் பற்றி நான் அவர்களிடம் கற்றது அதிகம். இளநீர், வாழைப்பழம், டுரியான், தக்காளி ஆகியவற்றில் அது மிகுதி என்பது பலருக்கும் தெரியும். கீரையையும் கிழங்கையும் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் இரத்த அழுத்தக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது என்பதும், அது சிறுநீரகம் இழந்தவரின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதும் எனக்குத் தெரியாது. நல்லதென்று நம்பி நான் அதைத்தான் ஒரு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தேன். மாத இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.3 என்று அளவுக்கு மீறி வந்தவுடன், அன்று மாலையே மிஸ்ஸி அழைத்து, சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலின் பெயரையும் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்தார்.

இன்னொரு சம்பவம் அதைவிடப் பெரிது. எங்கள் மாடியில் இருக்கும் மலாய்க்கார அம்மா (மக்சிக் என்போம்), பாலிக் புலாவில் உள்ள தம் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, ஒரு பை நிறைய பெலிம்பிங் கொண்டுவந்து கொடுத்தார். நட்சத்திர வடிவில் நறுக்கி வைக்கிறோமே, அந்தப் பழம்தான். அதிக இனிப்பில்லை, சர்க்கரை ஏறாது என்று என் கணவர் முக்கால் பழம் சாப்பிட்டார். மாலையில் விக்கல் தொடங்கியது. தண்ணீர், சீனி, மூச்சடக்கல் எதற்கும் நிற்கவில்லை. நான்கு மணி நேரம் ஆனபோது பேச்சும் சற்றுக் குழறியது. நிலையத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தேன். விக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அண்ணன் பெலிம்பிங் சாப்பிட்டாரா?" என்பதுதான். நாளைய முறைக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே மருத்துவரிடம் அந்தப் பழத்தின் பெயரை முதலில் சொல்லச் சொன்னார். அந்தப் பழத்தில் நரம்பைத் தாக்கும் காரம்பாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது; அதை 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் இல்லாதவருக்கு விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகலாம். அன்று இரவே டயாலிசிஸ் செய்து, மறுநாளும் செய்தபின் தெளிந்தார். நம் நாட்டில் தெருவுக்குத் தெரு விளையும் பழம் இது. டயாலிசிஸ் செய்கிறவர் வீட்டுக்குள் அதை நுழையவே விடாதீர்கள், சாறாகவும் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியைச் சிகிச்சையின் முடிவில் தவறாமல் போடுகிறார்கள். ஹீமோகுளோபின் 10க்கும் 11.5க்கும் இடையில் நிற்கும்படி அளவை மாற்றுகிறார்கள். அதிகம் ஏறட்டுமே என்று நான் கேட்டபோது, மிக உயர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும் என்று விளக்கினார்கள். பாஸ்பரஸ் மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து மென்று சாப்பிட்டால்தான் உணவில் உள்ள பாஸ்பரஸைப் பிடிக்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் வீண் என்பதை முதல் நிலையத்தில் எட்டு மாதமும் யாரும் சொல்லவில்லை. அந்த எட்டு மாதமும் அவர் பாஸ்பரஸ் கூடியதால் வந்த அரிப்பில் இரவெல்லாம் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சிறுநீரகம் செயலிழந்தபின் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும் என்பதால் பழைய அளவு ஆளை வீழ்த்திவிடும். ஆகவே நீரிழிவுள்ள எல்லோருக்கும் தொடக்கத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். கல்லீரல் அழற்சி பி, சி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரங்கள் உள்ளன. புதிதாக வருகிறவர்களுக்குக் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி இரட்டை அளவில் போடப்படுகிறது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது சரியில்லை. நிலையத்தின் முன்னால் அஞ்சடிக்கு, அதாவது கடைவரிசையின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதைக்கு, ஏறும் படி உயரமானது, சரிவுப்பாதை இல்லை. கால் எடுக்கப்பட்ட நீரிழிவு நோயாளிகள் நான்கு பேர் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றுகிறார்கள். இதைப் பற்றி நான் இருமுறை எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. சிறுநீரக நிபுணர் மாதம் ஒரு முறை வந்து ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு நிமிடம்தான் ஒதுக்குகிறார். உணவு ஆலோசகர் இல்லை. மிஸ்ஸிகளே அந்த வேலையையும் சுமக்கிறார்கள். பரிசோதனை முடிவைத் தாளில் எண்களாக மட்டும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கேட்டால் விளக்குவார்கள், கேட்கத் தெரியாத வயதானவர்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முதல் பிரிவு முடிந்து இரண்டாவது தொடங்கும் நேரத்தில் நெரிசல் அதிகம். ஊசி எடுத்த இடத்தைத் தாமே அழுத்திக்கொண்டு நிற்பவர்களும் உள்ளே வருகிறவர்களும் ஒரே குறுகிய வழியில் மோதிக்கொள்கிறார்கள்.

கட்டணம் ஒரு முறைக்கு 200 மலேசிய வெள்ளியைத் தாண்டும். மாதத்துக்கு 13 முறை வருகிறது. என் கணவர் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டி வந்தவர் என்பதால், ஒப்புதல் கிடைத்த பின் அந்த நிறுவனமே நிலையத்துக்கு நேரடியாகச் செலுத்துகிறது. ஒப்புதல் வரும்வரை எங்கள் கைப்பணம் போனது. விண்ணப்பத்தை மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். அரசு ஓய்வூதியர்களுக்குப் பொதுச் சேவைத் துறை வழி உதவி உண்டு. இவை எதுவும் இல்லாதவர்கள் தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்ற அறப்பணி நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம். 1969 முதல் இயங்கும் அந்நிறுவனத்துக்கு நாடு முழுவதும் நிலையங்கள் உள்ளன. வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை ஒன்று இருப்பதையும், அதற்கு ஊசியோ ஃபிஸ்டுலாவோ தேவையில்லை என்பதையும் இந்த நிலையத்து டாக்டர்தான் எங்களுக்கு முதலில் சொன்னார். தம் வாடிக்கையாளர் குறையக்கூடிய ஒரு வழியை அவரே சொன்னது எனக்கு மதிப்பாகப் பட்டது. மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் பேசினார். என் கணவரின் தம்பி தர முன்வந்தார். பரிசோதித்ததில் அவருக்கும் நீரிழிவு தொடங்கியிருப்பது தெரிந்தது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

செவ்வாய், வியாழன், சனி மாலைப் பிரிவில் இப்போது சில இடங்கள் காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். மாலைப் பிரிவு இரவு ஒன்பதரைக்குத்தான் முடிகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி, தனியாகப் பேருந்தில் திரும்புகிறவர்களுக்குச் சிரமம். எந்த நிலையத்தைப் பார்க்கப் போனாலும் காலை பதினொரு மணியளவில், பிரிவு மாறும் நேரத்தில் போங்கள். ஒருவர் எழுந்தபின் அந்த இயந்திரத்தையும் நாற்காலியையும் துடைத்துக் கிருமி நீக்கிவிட்டு அடுத்தவரை உட்கார வைக்கிறார்களா, புதிதாக உட்காருகிறவரின் கையை யாராவது தொட்டுப் பார்க்கிறார்களா என்பது அப்போதுதான் கண்ணில் படும். அப்படியே நீர் அறையையும் காட்டச் சொல்லுங்கள். இங்கே கேட்காமலே காட்டினார்கள். முதல் நிலையத்தில் அப்படி ஓர் அறை இருக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாததால் நாங்கள் கேட்கவில்லை.